மேற்படி

எங்கள் ஊரில் கார்த்திகை தீபம் முடிந்த மறுவாரம் இரண்டு பேருக்கு மூச்சுவிட நேரம் இராது. ஒருவர் தெருப் பெருக்குகிறவர். இன்னொருவர் கம்ப்யூட்டர் கடைக்காரர். பத்து நாள் உற்சவத்தையும் ஜனங்கள் செல்போனில் பிடித்து வைத்திருப்பார்கள். பத்தாம் நாள் சாயங்காலம், மலைமேல் ஜோதி எரிகிற சமயம் பார்த்து, போன் ‘இனி இடமில்லை’ என்று கையை விரித்துவிடும். எதை அழிப்பது, எதை வைத்துக் கொள்வது என்று தர்மசங்கடம். அதைத் தீர்த்து வைக்கத்தான் கடைக்காரர் இருக்கிறார்.

நானும் அப்படி ஒரு கடைக்குப் போனேன். என் பென் டிரைவில் இரண்டு வீடியோக்கள் இருந்தன. இரண்டும் என் தாயார் கடைசியாகப் பார்த்த தீபத் திருவிழாவில் எடுத்தவை. அடுத்த மாசியில் அவள் போய்விட்டாள்.

முதல் படம் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் எடுத்தது. போனைக் கைப்பிடிச் சுவரில் சாத்தி வைத்துவிட்டு எல்லாரும் மலையைப் பார்த்துக் கொண்டு நின்றோம். மலை இருக்கிறது, வானம் இருக்கிறது, ஓரத்தில் அம்மாவின் முதுகும் கூப்பிய கையும். ஆறு மணிக்கு உச்சியில் ஒரு பொட்டு வெளிச்சம். அவ்வளவுதான் கதை. இரண்டாவது, ஏழாம் நாள் தேரோட்டத்தில் எடுத்தது. இங்கே அம்மன் தேரைப் பெண்களேதான் வடம் பிடித்து இழுப்பார்கள். எழுபத்திரண்டு வயதில் அம்மா, யார் சொல்லியும் கேளாமல், கூட்டத்துக்குள் புகுந்து வடத்தில் கை வைத்துவிட்டாள். என் அக்கா மகன் பின்னாலேயே ஓடி அதைப் படம் பிடித்தான். பிறகு இரண்டையும் தன் கம்ப்யூட்டரில் போட்டு, ஒரே தரத்தில் சுருக்கி எனக்கு அனுப்பியிருந்தான். அவன் போன் அதற்குள் இரண்டு முறை மாறிவிட்டது.

அக்காவின் போனில் இரண்டையும் ஏற்றித் தர வேண்டும் என்பதுதான் என் காரியம். அதில் இருந்த இடமோ கொஞ்சம். கடைப் பையன் திரையைப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

“ஸார், ரெண்டும் ஆயிரத்தெண்பதுதான். ரெண்டும் பதினோரு நிமிஷம்தான். மலை படம் 110 எம்.பி., தேர் படம் 980 எம்.பி. எதுக்கு ஸார் அவ்வளவு? வேஸ்ட்டு. தேரையும் மலை அளவுக்கு அமுக்கித் தரேன். ரெசல்யூஷன் அதேதான், ஒண்ணும் வித்தியாசம் தெரியாது.”

எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. நீளமும் அகலமும் ஒன்றாக உள்ள இரண்டு வேட்டிகளில் ஒன்று மற்றதைப் போல் ஒன்பது மடங்கு கனத்தால், யாருக்கும் சந்தேகம் வரத்தானே செய்யும்? பையன் அமுக்கினான். “பழசை அழிச்சிடலாமா ஸார்?” என்று கேட்டான். கேட்டான் என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும். குற்றம் அவன் மேல் இல்லை. “அழித்துவிடு அப்பா” என்று சொன்னவன் நான்.

அன்று இரவு அக்கா வீட்டில் உட்கார்ந்து பார்த்தோம். தேர் இருந்தது. கூட்டம் இருந்தது. வடம் இருந்தது. வடத்தைப் பிடித்திருந்தவர்களின் முகங்கள் மட்டும் ஈர மண்ணில் எழுதி யாரோ துடைத்த மாதிரி இருந்தன. அம்மாவின் புடவைக் கலரை வைத்துத்தான் அம்மாவை அடையாளம் கண்டோம். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. போனை அணைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அதன் பிறகுதான், ஒரே அளவுப் படங்கள் ஏன் ஒரே கனத்தில் இருப்பதில்லை என்ற விசாரணையில் இறங்கினேன். கல்லூரியைப் பாதியில் விட்ட கதைக்காரனுக்குக் கணக்கு எவ்வளவு ஓடுமோ அவ்வளவுதான் எனக்கும் ஓடும். ஆனால் இதில் கணக்கைவிடக் கதைதான் அதிகம் என்று போகப் போகத் தெரிந்தது.

ரெசல்யூஷன் என்பது கோலப் புள்ளி மாதிரி. ஒரு வரிசைக்கு 1920 புள்ளி, 1080 வரிசை. பெருக்கினால் 20,73,600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பைட். ஆக ஒரு பிரேமுக்கு 62,20,800 பைட். விநாடிக்கு 30 பிரேம். ஒரு நிமிஷத்துக்குச் சுமார் 1,120 கோடி பைட் ஆகிறது. பதினோரு நிமிஷத்துக்கு 12,300 கோடி, அதாவது 123 ஜி.பி. என் பென் டிரைவ் 64 ஜி.பி.! படம் உள்ளபடியே எழுதப்பட்டிருந்தால் மலையும் தேரும் ஒரு பைட் கூட வித்தியாசமில்லாமல் ஒரே கனமாக இருக்கும். இரண்டில் ஒன்றுகூட என் பென் டிரைவில் ஏறியிருக்காது. கடைப் பையனின் தர்க்கம் அந்த உலகத்தில் முழுக்கச் சரி.

நம் கைக்கு வருவது அந்தப் படம் அல்ல. ஆப்பிள் ஐபோனில் படம் பிடிக்கும் முறையைத் தேர்ந்தெடுக்கும் பக்கத்தில் ஒரு குறிப்பு உண்டு: இதே 1080 படத்துக்கு, 30 பிரேமில், நிமிஷத்துக்கு ஒரு முறையில் சுமார் 130 எம்.பி., இன்னொரு முறையில் 60 எம்.பி. 1,120 கோடி பைட் 13 கோடியாகிறது. அல்லது ஆறு கோடியாகிறது. நூற்றில் தொண்ணூற்றெட்டுப் பங்குக்கு மேல் எங்கே போயிற்று?

இந்த இடத்தில் என் தாத்தாவின் கணக்கு நோட்டை நினைத்துக் கொண்டேன்.

பழைய பத்திரங்களும் கணக்கு நோட்டுகளும் பார்த்தவர்களுக்கு ‘௸’ என்ற குறி தெரிந்திருக்கும். ‘மேற்படி’ என்று படிக்க வேண்டும். நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருஷத்துக்கு ௵, பற்றுக்கு ௶, வரவுக்கு ௷ என்று நம்மவர்கள் ஒரு சுருக்கெழுத்துக் குடும்பமே வைத்திருந்தார்கள். அதில் ௸ தான் மகா கெட்டிக்காரக் குறி. ஊர்ப் பெயர், தகப்பனார் பெயர், ஜாதி, தொழில் என்று ஒரு முறை முழுதும் எழுதி விட்டால், அடுத்த வரியில் ‘௸யார்’ போதும். ‘௸ ஊர்’ போதும். மாறாததை எழுதாதே, மாறியதை மட்டும் எழுது என்பதுதான் அதன் தத்துவம்.

வீடியோவைச் சுருக்குகிறவன் செய்வதும் அதேதான். மொட்டை மாடிப் படத்தில் மலை அசையவில்லை. முதல் பிரேமில் மலையை ஒரு முறை எழுதிவிட்டான். அடுத்த பிரேமில் ‘மலை ௸, வானம் ௸, கைப்பிடிச் சுவர் ௸, அம்மாவின் முதுகு ௸’. பதினோரு நிமிஷமும் மேற்படி, மேற்படி, மேற்படி. உச்சியில் அந்தப் பொட்டு வெளிச்சம் வந்தபோது மட்டும் நாலு எழுத்துக் கூடுதலாக எழுதியிருப்பான். இரண்டாயிரத்து அறுநூற்று அறுபத்தெட்டு அடி மலை அவனுக்கு ஏறக்குறைய இலவசம்!

இது கம்ப்யூட்டர்க்காரர்களின் யோசனையும் அல்ல. டெலிவிஷன் என்பதே பரிசோதனைக் கூடத்தை விட்டு ஒழுங்காக வெளியே வராத காலம், 1929. அப்போதே ரே கெல் என்ற பொறியாளர், படத்தை ஒவ்வொரு முறையும் முழுதாக அனுப்பாமல், முந்தைய படத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் அனுப்பலாமே என்று பிரிட்டனில் ஒரு காப்புரிமை எடுத்தார். அன்றைக்கு அதைச் செய்து காட்ட யந்திரம் இல்லை.

பின்னால் வந்தவர்கள் ௸-க்கு ஒரு சிறகும் வைத்தார்கள். தேர் நகருகிறது. ஆனால் தேர் உருமாறவில்லை. அப்படியே இடம் பெயர்கிறது. ஆகவே ‘மேற்படி தேர், ஆனால் நாலு புள்ளி வலப்பக்கம்’ என்று எழுதினால் தீர்ந்தது. நான் முதலில் அந்தப் பெரிய தேர்தான் ஃபைலைக் கனக்கச் செய்தது என்று நினைத்தேன். இல்லை. தேர் மலிவு. கூட்டம்தான் செலவு. ஆயிரம் தலைகள் ஆயிரம் திசையில் திரும்புகின்றன. ஒரு கை தெரிகிறது, மறைகிறது. எவளோ ஒருத்தியின் தலையிலிருந்து பூ விழுகிறது. யாரோ உப்பும் மிளகும் வீசுகிறார்கள். இதில் எதற்கு ‘மேற்படி’ போடுவது? பின்னாலேயே ஓடியவன் கை நடுங்கியதில் மாறாத கட்டடங்கள் கூட ஒவ்வொரு பிரேமிலும் ஆடிக் கொண்டிருந்தன.

இருட்டு மலிவு என்று நினைத்தேன், அதுவும் தப்பு. கறுப்பில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்டதற்கு அக்கா மகன் பெங்களூரிலிருந்து போனில் சிரித்தான். “மாமா, வெளிச்சம் போதாதபோது கேமரா தானாகவே பொடி தூவும். உற்றுப் பாருங்கள், இருட்டு முழுக்கக் கொசு மாதிரி ஆடும். ஒவ்வொரு பிரேமிலும் வேறு கொசு. சுருக்குகிற புரோகிராமுக்கு எது கொசு, எது சேதி என்று தெரியாது. எல்லாவற்றையும் எழுதப் பார்க்கும்.” பகலில் எடுத்திருந்தால் மலைப் படம் இன்னும் சிறுத்திருக்குமாம். மழை, புகை, காற்றில் ஆடும் வேப்ப மரம், ஆற்று நீர், கற்பூரத் தட்டு எல்லாமே இந்த வகையில் செலவாளிகள். எதிரே உட்கார்ந்து செய்தி படிக்கிறவர் மகா சிக்கனம்.

எது சேதி, எது சேதி அல்ல என்ற இந்தக் கேள்விக்குத் தனியாக ஒரு சரித்திரம் உண்டு. தந்தி வந்த காலத்திலேயே அது தொடங்கிவிட்டது. மோர்ஸ் தந்தி முறையில் ஆங்கிலத்தில் அடிக்கடி வருகிற ‘இ’ என்ற எழுத்துக்கு ஒரே ஒரு புள்ளி. அபூர்வமாக வருகிற ‘க்யூ’ எழுத்துக்கு நீண்ட சங்கேதம். அடிக்கடி வருகிறவனுக்குச் சின்னப் பெயர்! நம் வீடுகளில் பாலசுப்பிரமணியன் ‘பாலு’ ஆவதும், எப்போதோ வருகிற தூரத்து உறவினர் முழுப் பெயரோடு வருவதும் இதே நீதிதான்.

1948-ல் அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்த கிளாட் ஷானன் இதற்கு ஒரு கணித சாஸ்திரமே எழுதினார். அவர் சொன்னதைக் கதைக்காரன் பாஷையில் சொன்னால் இவ்வளவுதான்: எதிர்பார்த்தது நடந்தால் அது சேதி அல்ல, எவ்வளவு ஆச்சரியமோ அவ்வளவு சேதி. ஒரு விஷயத்தை எவ்வளவு சுருக்கலாம் என்பதற்கு, அதில் எவ்வளவு ஆச்சரியம் இருக்கிறதோ அதுவே எல்லை. அதற்குக் கீழே போனால் எதையாவது இழந்தே தீர வேண்டும். தொடர்கதை எழுதுகிறவர்களுக்கு இதைப் படிக்கும்போது சற்று உறுத்தும். என் பழைய தொடர்கள் சிலவற்றை இந்த முறையில் சுருக்கினால் ஒரு தபால் கார்டில் அடங்கிவிடும் என்று எனக்கே தோன்றியது.

மூன்று வருஷம் கழித்து, 1951-ல், எம்.ஐ.டி.யில் படித்துக் கொண்டிருந்த டேவிட் ஹஃப்மன் என்ற மாணவருக்கு அவருடைய ஆசிரியர், பரீட்சை எழுதாமலிருக்க வேண்டுமானால் ஒரு கட்டுரை எழுதிக் கொண்டு வா என்றார். குறைந்த புள்ளிகளில் சங்கேதம் அமைக்கும் மிகச் சிறந்த வழி எது என்பது கேள்வி. பரீட்சைக்குப் பயந்த பிள்ளை, ஆசிரியருக்கே பிடிபடாத விடையைக் கண்டுபிடித்துவிட்டார். 1952-ல் வெளியான அந்த முறை இன்றும் போட்டோ ஃபைல்களுக்குள் வேலை செய்து கொண்டிருக்கிறது.

இதுவரை சொன்னதில் ஒரு நஷ்டமும் இல்லை. ௸ என்பதை விரித்து எழுதினால் பழைய வாசகம் அப்படியே திரும்பி வரும். ஆனால் அதனால் மட்டும் 1,120 கோடி 13 கோடி ஆகாது. மிச்சத்தைத் தள்ளிவிட வேண்டும். தள்ளினது தெரியாமல் தள்ள வேண்டும். அந்த வித்தைக்கு வழி செய்தவர்கள் மூன்று பேர். அகமது, நடராஜன், ராவ். நம் ஊர்ப் பாசஞ்சர் ரயிலில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து முறுக்கைப் பகிர்ந்து கொள்ளக் கூடிய மூன்று பெயர்கள்!

நசீர் அகமது 1940-ல் பெங்களூரில் பிறந்தவர். அங்கேயே பொறியியல் படித்துவிட்டு அமெரிக்கா போய், கான்ஸாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். 1972-ல் தன் யோசனையை எழுதி, ஆராய்ச்சிக்குப் பணம் கொடுங்கள் என்று அமெரிக்க தேசிய விஞ்ஞான நிறுவனத்துக்கு விண்ணப்பித்தார். யோசனை ரொம்பச் சுலபமாக இருக்கிறது என்று ஒரு மதிப்பீட்டாளருக்குத் தோன்றியதாம், பணம் கிடைக்கவில்லை. அவர் விடவில்லை. தம்மிடம் டாக்டர் பட்டத்துக்குப் படித்த டி. நடராஜன், டெக்ஸாஸில் இருந்த நண்பர் கே. ஆர். ராவ் இவர்களோடு சேர்ந்து 1974 ஜனவரியில் ஒரு கட்டுரை வெளியிட்டார். மொத்தம் நாலே பக்கம். சுருக்கத்தைப் பற்றிய கட்டுரை சுருக்கமாக இருந்தது பொருத்தம்தான்.

அந்த வித்தையை நான் புரிந்து கொண்ட மட்டில் சொல்கிறேன். படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளி உள்ள சின்னச் சதுரங்களாக வெட்டிக் கொள்கிறார்கள். சதுரத்துக்கு 64 புள்ளி. ஒரு காணியை வர்ணிக்க வேண்டும் என்று வைத்துக் கொள்ளுங்கள். அறுபத்து நாலு இடத்தில் கோல் நட்டு ஒவ்வொரு இடத்தின் உயரத்தையும் எழுதலாம். அல்லது, ‘பொதுவாகச் சமநிலம், மேற்கே சற்று மேடு, நடுநடுவே பொடி வரப்புகள்’ என்று எழுதலாம். பெரிய ஏற்றத் தாழ்வு முதலில், சின்னது அடுத்து, பொடிசு கடைசியில். வானம், சுவர், ஒரே நிறப் புடவை போன்ற சதுரங்களில் முதல் இரண்டு மூன்று சொற்களிலேயே விஷயம் முடிந்து விடும். கடைசியில் வரும் பொடி வரப்புகளை விட்டுவிட்டால் கண்ணுக்கு அநேகமாகத் தெரியாது. நம் கண் நிறத்தில் இன்னும் ஏமாளி. அதனால் நிறத்தின் விவரத்தை முதலிலேயே நாலில் ஒரு பங்காகக் குறைத்து விடுகிறார்கள். அதில் மட்டும் பாதிக் கனம் போய்விடுகிறது.

வரப்பில் எவ்வளவை விடுவது? அங்கேதான் ஒரு திருகாணி இருக்கிறது. கொஞ்சம் திருகினால் பொடி வரப்பு போகும். இன்னும் திருகினால் மேடு போகும். முற்றும் திருகினால் காணி முழுவதும் ஒரே சமநிலம். புள்ளிகளின் எண்ணிக்கை அப்படியே 20,73,600 இருக்கும். அதாவது ரெசல்யூஷன் மாறவில்லை. கடைப் பையன் பொய் சொல்லவில்லை. கட்டம் அத்தனையும் இருந்தது. கட்டத்துக்குள் இருந்தது போயிருந்தது.

எழுபத்திரண்டு வயதுக் கிழவியின் முகத்தில் என்ன இருக்கும்? வரப்புகள்தானே இருக்கும்?

எங்கள் தலைமுறையில் இந்தத் திருகாணியை முதலில் கண்ணால் பார்த்தது வி.சி.டி.யில். 1993-ல் வந்த அந்தத் தட்டில் படத்துக்கு விநாடிக்கு இவ்வளவு என்று ரேஷன் கட்டியிருந்தார்கள்: 11.5 லட்சம் பிட். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஒரு தட்டில் 74 நிமிஷம். அதனால் தமிழ்ப் படங்கள் இரண்டு மூன்று தட்டாக வரும். கிளைமாக்ஸ் சமயத்தில் எழுந்து போய்த் தட்டை மாற்ற வேண்டும். கதாநாயகி ஜன்னலோரம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது படம் பளிங்காக இருக்கும். மழையில் ஆட ஆரம்பித்தாளோ இல்லையோ, திரை முழுதும் கட்டம் கட்டமாக உடையும். தட்டில் கீறல் என்று நினைத்து வேட்டி நுனியால் துடைத்துத் துடைத்துப் போட்டிருக்கிறேன். கீறல் இல்லை. மழைக்கு ரேஷன் போதவில்லை.

ஆக இரண்டு ராஜ்ய முறைகள். ஒன்றில் கனம் நிலை, தரம் மாறும். இன்னொன்றில் தரம் நிலை, கனம் மாறும். அக்கா மகன் செய்தது இரண்டாவது. ‘எதுவானாலும் இந்தத் தரம் கெடக் கூடாது’ என்று திருகாணியை ஒரே இடத்தில் நிறுத்திவிட்டான். மலை 110-ல் அடங்கியது, கூட்டம் 980 கேட்டது, கொடுத்தான். கடைப் பையனும் நானும் சேர்ந்து செய்தது முதலாவது. கூட்டத்துக்கு மலையின் ரேஷனைக் கொடுத்தோம். சுவரையும் மலையையும் பார்த்துக் கொண்டு நிற்கிற ஒரு குடும்பத்துக்குப் போதுமான படியை, தேரிழுக்கிற ஊருக்கே அளந்து போட்டோம்.

இதிலிருந்து கனமான ஃபைல்தான் உசத்தி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எழுதுகிற குமாஸ்தாவின் சாமர்த்தியமும் இருக்கிறது. எச்.264 என்ற முறை 2003-ல் வந்தது. (நம் ௸ குறிக்கும் அதன் குடும்பத்துக்கும் கம்ப்யூட்டர் எழுத்துக்களின் உலக அட்டவணையான யூனிகோடில் இடம் கிடைத்ததும் அதே 2003-ல்தான். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. எனக்கு மட்டும் சந்தோஷம்.) 2013-ல் வந்த எச்.265, அதே தரத்தை ஏறக்குறையப் பாதிக் கனத்தில் கொடுக்கிறது. ஐபோனில் 130, 60 என்று இரண்டு கணக்கு இருந்ததன் ரகசியம் அதுதான். 2018-ல் ஏவி1 வந்தது. தவிர, போன் படம் பிடிக்கிற வேகத்திலேயே அவசர அவசரமாகச் சுருக்க வேண்டும். வீட்டுக் கம்ப்யூட்டர் அதே பதினோரு நிமிஷத்துக்கு ஒரு மணி நேரம் யோசித்து, எங்கெங்கே மேற்படி போடலாம் என்று தேடலாம். ஆகவே கனம் குறைந்தும் முகம் கெடாத படம் உண்டு. ஒரு முறை முகம் போன படத்தை மறுபடியும் கனமாக எழுதி வைத்தால் வெறும் கனம்தான் மிஞ்சும். அந்தப் பையனிடம் திரும்பிப் போய், “இதைப் பழையபடி 980 ஆக்கிக் கொடு” என்று கேட்டேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக் கொள்கிறேன். ஆக்கிக் கொடுத்தான். பார்த்தேன். துடைத்த முகம் துடைத்த முகமாகவே இருந்தது.

தாத்தாவின் நோட்டை நடுவில் விட்டுவிட்டேன். அந்த நோட்டில் முதல் ஏட்டைக் கரையான் தின்றுவிட்டது. மீதி நாற்பது பக்கமும் பத்திரமாக இருக்கிறது. ‘௸யாருக்குக் கொடுத்தது’, ‘௸யாரிடம் பாக்கி’. ஏழு வருஷம் தாத்தா யாரோ ஒருவருக்கு மாதம் தவறாமல் பணம் கொடுத்திருக்கிறார். யாருக்கு என்று அப்பாவுக்கும் தெரியவில்லை. பாட்டிக்குத் தெரிந்திருக்கலாம், கேட்டால் பேச்சை மாற்றி விடுவாள். ‘மேற்படி’யின் பலவீனம் இது. மேலே உள்ளது போனால் கீழே உள்ளது அத்தனையும் அநாதை.

நம் கோயில் கல்வெட்டுக்காரர்கள் இந்த அபாயத்தை அறிந்தவர்கள். முதலாம் ராஜராஜன் காலம் தொடங்கிச் சோழர் கல்வெட்டுகளின் தலையில் அரசனின் மெய்க்கீர்த்தியைப் பொறித்து வந்தார்கள். விளக்குக்கு நாலு ஆடு விட்ட சின்ன தானமானாலும் சரி, மேலே ராஜாவின் வெற்றிகள் வரிசையாக வரும். அடுத்த சுவரில் இன்னொரு தானம். மறுபடியும் அதே மெய்க்கீர்த்தி. ‘மன்னன் ௸’ என்று போட்டுக் கல்லை மிச்சம் பிடித்திருக்கலாமே என்று சிறு வயதில் எனக்குத் தோன்றும். முடியாது. நோட்டை முதல் பக்கத்திலிருந்து படிக்கிறோம். கல்வெட்டுக்கு எவனோ ஒருவன், எப்போதோ, ஏதோ ஒரு சுவர் முன்னால் வந்து நிற்கப் போகிறான். அவனுக்கு அந்தக் கல் ஒன்றே முழுதாக விஷயம் சொல்ல வேண்டும்.

வீடியோவிலும் அப்படி மெய்க்கீர்த்திப் பிரேம்கள் உண்டு. எல்லாமே மேற்படியாக இருந்தால் நடுவில் திறந்து பார்க்க முடியாது. ஒரு பிழை வந்தால் கடைசி வரை தொடரும். அதனால் சில விநாடிகளுக்கு ஒரு முறை, முந்தையதை நம்பாமல், ஒரு பிரேமை முழுதாக எழுதுகிறார்கள். அவை கனம் அதிகம். நெருக்கமாக வைத்தால் ஃபைல் பெருக்கும். தள்ளித் தள்ளி வைத்தால் சிறுக்கும். ஒரே அளவுப் படங்களின் கனம் மாறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதைத் தெரிந்து கொண்ட இரவு மறுபடியும் அந்தத் தேர்ப் படத்தைப் போட்டேன். அவசரப்படாமல், ஒவ்வொரு பிரேமாக நகர்த்திப் பார்த்தேன். அக்கா மகன் சொன்னது சரியாக இருந்தது. முகங்கள் கலங்கிக் கலங்கிப் போய்க் கொண்டே இருக்கின்றன. திடீரென்று ஒரு பிரேமில், யாரோ கண்ணாடியைத் துடைத்த மாதிரி, எல்லாம் ஒரு கணம் சற்றுத் தெளிகிறது. முழுத் தெளிவு அல்ல. பழைய படம் அல்ல. இருந்தாலும் மற்றவற்றைக் காட்டிலும் மேல். அடுத்த பிரேமிலேயே மறுபடியும் துடைப்பு தொடங்கி விடுகிறது. பதினோரு நிமிஷத்திலும் அப்படிப்பட்ட பிரேம்களைப் பொறுக்கினேன். அவற்றில் அம்மா பக்கவாட்டில் தெரிவது பன்னிரண்டு. முதுகு காட்டுவது, யாருடைய தலையோ மறைப்பது போக, முகம் இந்தப் பக்கம் திரும்பியிருப்பது மூன்று.

மறுநாள் மூன்றையும் அக்காவிடம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக் கொண்டு வெகு நேரம் பார்த்தாள்.

“இந்த ரெண்டாவது இருக்கட்டும்டா. இதுலதான் கண்ணு திறந்திருக்கு” என்றாள்.